கிராஸ்ஓவர் வண்டிகளின் பின்கண்ணாடி: சேதம் அறிதலும் மாற்றுதலும்

1. பொருளும் எல்லையும்

கார்க் கண்ணாடி என்றதும் நம் கவனம் முன்கண்ணாடிக்கே போகிறது. கல் பட்டு விழுந்த பொட்டுக்குப் பிசின் ஊற்றி அடைப்பதற்கென்று தனித் தொழிலே வளர்ந்திருக்கிறது. பின்கண்ணாடிக்கு அப்படி ஒரு தொழில் இல்லை, வருவதற்கும் வழியில்லை. ஒன்று முழுதாக இருக்கும், இல்லையென்றால் டிக்கியிலும் தெருவிலும் உதிர்ந்து கிடக்கும். ஆகவே இதன் சேதத்தை அறிவது என்பது, உடையும் முன் வரும் மிகச் சில அடையாளங்களைப் படிப்பதும், உடைந்த பின் காரணத்தைத் தேடுவதும்தான்.

கார் அடித்தளத்தின் மேல் உயரமான உடல் கட்டப்பட்டு, பின்பக்கம் முழுவதும் ஒரே கதவாகத் திறக்கும் வண்டிகளையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. சென்னையைச் சுற்றியே இரண்டு நல்ல மாதிரிகள் கிடைக்கின்றன. ஒன்று, 2015 முதல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வரும் ஹூண்டாய் கிரெட்டா. மற்றது, 2013இல் மறைமலைநகர் ஆலையிலிருந்து சந்தைக்கு வந்து, ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தியபோது நின்றுபோன ஈகோஸ்போர்ட். முன்னதன் டிக்கி கதவு கூரையில் கீல் கொண்டு மேலே எழும். பின்னதன் கதவு பக்கவாட்டில் கீல் கொண்டு அறைக் கதவைப் போலத் திறக்கும், முதுகில் உபரிச் சக்கரத்தையும் சுமக்கும். இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

இங்கே முன்வைக்கும் நிலைப்பாடு இது: வெளியிலிருந்து வரும் அடியைத் தவிர்த்துவிட்டால், பின்கண்ணாடிச் சேதம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் டிக்கி கதவின் சேதம். கண்ணாடியை மட்டும் மாற்றிக் கதவை விட்டுவிடும் பட்டறை பாதி வேலையைத்தான் செய்கிறது.

2. கண்ணாடியின் இயல்பு

2.1 உள்ளே அடைபட்ட விசை

முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய அடுக்குக் கண்ணாடி. பின்கண்ணாடி பொதுவாக ஒற்றைத் தகடு, 3 முதல் 4 மி.மீ. தடிமன். தட்டைக் கண்ணாடியை அளவுக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்து, வைப்பர் தண்டுக்குத் துளை வேண்டுமென்றால் துளைத்து, ஓரத்தில் கறுப்புப் பட்டையையும் நடுவில் வெள்ளிக் கோடுகளையும் அச்சிட்ட பிறகு, 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி வளைக்கிறார்கள். உடனே இருபுறமும் காற்றைப் பீய்ச்சிக் குளிரவைக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. உட்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்கும்போது, ஏற்கெனவே இறுகிய மேற்பரப்பை உள்நோக்கி இழுக்கிறது. இதனால் மேற்பரப்பு நிரந்தர அமுக்கத்திலும் நடுப்பகுதி நிரந்தர இழுவிசையிலும் நின்றுவிடுகின்றன. பட்டறையில் இதை டஃப்பன்டு கிளாஸ் என்பார்கள்.

கண்ணாடி அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசைக்கு எளிதில் விரியும். அதன் மேற்பரப்பில் உள்ள நுண்கீறல்களே இந்தப் பலவீனத்துக்குக் காரணம் என்பதை 1921இல் வெளிவந்த ஏ. ஏ. கிரிஃபித்தின் ஆய்வு நிறுவியது. மேற்பரப்பை அமுக்கத்தில் வைத்துவிட்டால் அந்தக் கீறல்களின் வாய் மூடியே இருக்கும். அமுக்கம் நிலவும் படலம் ஒவ்வொரு பக்கமும் தடிமனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 3.5 மி.மீ. கண்ணாடியில் அது 0.7 மி.மீ. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் பகுதிகள் எளிதாக விளங்கும். 0.7 மி.மீ.க்குள் நிற்கும் கீறல் அழகுக் குறை மட்டுமே. அதைத் தாண்டி இழுவிசைப் பகுதியைத் தொட்ட கீறலை நிறுத்த எதுவுமில்லை. வினாடிக்கு சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் விரிசல் கிளைத்து ஓடும். ஒன்றேகால் மீட்டர் அகலக் கண்ணாடி முழுவதும் நொறுங்க ஆயிரத்தில் ஒரு வினாடியே போதும்.

இந்த நிகழ்வு பழையது. உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டுக் கிடைக்கும் வாலுள்ள துளிகளை இளவரசர் ரூபர்ட் இங்கிலாந்துக்குக் கொண்டுவர, 1661இல் ராயல் சொசைட்டி அவற்றை ஆராய்ந்தது. தலையைச் சுத்தியால் அடித்தாலும் உடையாது, வால் நுனியைக் கிள்ளினால் முழுத்துளியும் தூளாகும். நம் வண்டியின் பின்கண்ணாடிக்கு அதன் விளிம்பே வால்.

பொடிப்பொடியாக உடைவது குறையன்று, விதியே அதைக் கேட்கிறது. ஐ.நா.வின் 43ஆம் எண் வாகன விதிப்படி, உடைந்த கண்ணாடியில் 5 செ.மீ. பக்கமுள்ள சதுரத்துக்குள் குறைந்தது 40 துண்டுகள் இருக்க வேண்டும். கத்தி போன்ற நீண்ட சில்லுகள் கழுத்தில் பாயாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. இந்திய வண்டிகளுக்கு ஐ.எஸ். 2553இன் இரண்டாம் பகுதி பொருந்தும்.

2.2 வெயில் குற்றவாளியா?

‘வெயிலில் நின்ற வண்டிமேல் தண்ணீர் ஊற்றினேன், கண்ணாடி போய்விட்டது’ என்று பலர் சொல்லக் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலைக்கும் நண்பகலுக்கும் இடையே கண்ணாடியின் வெப்பம் 40 டிகிரி உயர்கிறது என்று வைப்போம். 1.2 மீட்டர் அகலக் கண்ணாடி 0.43 மி.மீ. நீளும், அதே அகல இரும்புச் சட்டம் 0.58 மி.மீ. நீளும். வேறுபாடு 0.15 மி.மீ. இடையில் உள்ள ரப்பர் போன்ற பசைப்பட்டை சில மி.மீ. தடிமன் கொண்டது, இதை அலட்டிக்கொள்ளாமல் வாங்கிக்கொள்ளும். திடீர்க் குளிர்ச்சியைப் பொறுத்தவரை, கடினப்படுத்திய கண்ணாடி ஏறக்குறைய 200 டிகிரி வேறுபாட்டைத் தாங்கவல்லது. சித்திரை வெயிலும் வாளித் தண்ணீரும் சேர்ந்தாலும் அதன் அருகில்கூடப் போகாது. தண்ணீர் ஊற்றியபோது உடைந்தால், விளிம்பில் ஆழமான காயம் முன்பே இருந்திருக்கிறது. தண்ணீர் கடைசி உந்துதலை மட்டும் கொடுத்தது.

3. சேதத்தை அறிதல்

3.1 உடையும் முன்

கிராஸ்ஓவரின் பின்பக்கம் ஏறக்குறைய செங்குத்தானது. ஓடும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைந்து சுழல் உண்டாகிறது. சக்கரம் கிளப்பும் புழுதியும் சேறும் அந்தச் சுழலில் சிக்கிக் கண்ணாடியில் அப்புகின்றன. செடான் வண்டியின் சாய்ந்த கண்ணாடிமேல் காற்று வழுக்கிப்போவதால் இந்தத் தொல்லை குறைவு. பின் வைப்பர் கிராஸ்ஓவருக்கு ஏன் தேவைப்படுகிறது என்பதற்கும், அந்தக் கண்ணாடியில் அரைவட்டக் கீறல்கள் ஏன் விழுகின்றன என்பதற்கும் இதுவே காரணம். காய்ந்த புழுதிமேல் வைப்பரை ஓட்டினால் மணல் உரைக்கும். ரப்பர் தேய்ந்து இரும்பு தெரியும் நிலையில் ஓட்டினால் கோடே விழும். நகம் மாட்டாத கீறலைப் பற்றிக் கவலை வேண்டாம். நகம் மாட்டும் கீறலும் பெரும்பாலும் 0.7 மி.மீ. எல்லைக்கு வெகு தூரத்தில்தான் நிற்கிறது. இரவில் பின்வண்டியின் விளக்கொளி சிதறிக் கண்ணைக் கூசவைத்தால் மாற்றுவதற்கு அதுவே போதுமான காரணம், உடையும் அச்சம் காரணமாகாது.

உண்மையில் தேட வேண்டிய இடங்கள் வேறு. முதலாவது துளை. சில மாதிரிகளில் பின் வைப்பரின் தண்டு கண்ணாடியைத் துளைத்து வெளிவருகிறது. வேறு சிலவற்றில் அது கீழே தகட்டில் இருக்கும். கண்ணாடியில் துளை உள்ள வண்டியில் அந்த ரப்பர் வளையத்தைப் பார்க்க வேண்டும். வளையம் காய்ந்து வெடித்திருந்தாலோ, மோட்டாரைக் கழற்றிப் பூட்டியவர் நட்டை மிகையாக இறுக்கியிருந்தாலோ, தண்டின் உலோகம் கண்ணாடியின் வெட்டுமுகத்தைத் தொடும்.

இரண்டாவது, கதவின் இடைவெளி. டிக்கியை மூடிவிட்டு இருபக்கக் கோட்டையும் பாருங்கள். ஒருபக்கம் சுண்டுவிரல் நுழைந்து மறுபக்கம் நகம்கூட நுழையாவிட்டால் கதவு முறுக்கியிருக்கிறது. பின்னால் இடி வாங்கி டிங்கரிங் பார்த்த வண்டிகளில் இது சாதாரணம். வெளியே பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, புதிதாக்கிவிடுவார்கள். கண்ணாடி உட்காரும் உள்சட்டம் மட்டும் முறுக்கியபடியே இருக்கும். ஈகோஸ்போர்ட்டில் சக்கரத்தின் எடையும் சேர்ந்த கதவு ஒரே பக்கக் கீல்களில் தொங்குவதால், கீல் தளர்ந்தால் கதவு சரிந்து, ஒவ்வொரு முறை மூடும்போதும் அதிர்ச்சி சட்டத்துக்குப் போகிறது. மேலே திறக்கும் கதவுகளில் இதே பங்கை இரண்டு வாயுத் தண்டுகள் வகிக்கின்றன. ஒன்று வலுவிழந்து மற்றது நல்ல நிலையில் இருந்தால், திறக்கும்போதெல்லாம் கதவு ஒருபக்கமாக முறுக்கப்படும். அவற்றை எப்போதும் ஜோடியாக மாற்றச் சொல்வது கடைக்காரரின் வியாபாரத் தந்திரம் என்று எண்ணிவிடக் கூடாது.

மூன்றாவது, துரு. கறுப்புப் பட்டையின் ஓரத்தில் பழுப்புக் கோடு, மழைக்குப் பின் டிக்கி விரிப்பில் ஈரம், வேகத்தில் மெல்லிய விசில் ஒலி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் பசைக்கு அடியில் இரும்பு அரிக்கத் தொடங்கியிருக்கலாம். துரு இரும்பைவிடப் பருமன் மிகுந்தது. அது உப்பும்போது கண்ணாடி விளிம்பைக் கீழிருந்து தள்ளும். கடற்கரை ஊர்களில் இதை முதல் சந்தேகமாகவே வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, சாமான். பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது பெட்டிக்குமேல் பெட்டி அடுக்கி டிக்கியை அழுத்தி மூடுகிறோம். பெட்டியின் உலோக மூலை கண்ணாடியின் உட்புறத்தைத் தொட்டபடி இருநூறு கிலோமீட்டர் குலுங்கிப் போகிறது.

3.2 வெள்ளிக் கோடுகள்

உட்புறம் தெரியும் மெல்லிய கோடுகள் வெள்ளி கலந்த மை, கண்ணாடியோடு சேர்த்துச் சுடப்பட்டது. டீஃபாகர் சுவிட்சைப் போட்டால் 12 வோல்ட் மின்சாரம் ஓடிச் சூடேறி, கண்ணாடிமேல் படர்ந்த நீராவியைப் போக்கும். சமவெளியில் ஐப்பசி, கார்த்திகை மழையிலும், ஊட்டி, கொடைக்கானல் ஏற்றத்திலும்தான் நமக்கு இதன் நினைவே வருகிறது. அதனால் பழுது மாதக்கணக்கில் தெரியாமல் கிடக்கும்.

ஒரே ஒரு பட்டையில் மட்டும் பனி விலகாவிட்டால் அந்தக் கோடு அறுந்திருக்கிறது. வோல்ட்மீட்டரின் ஒரு முனையை வண்டியின் உடலில் வைத்து, மறுமுனையைக் கோட்டின் மேல் நகர்த்திப் பார்க்க வேண்டும். நல்ல கோட்டில் ஒருபுறம் 12இல் தொடங்கி நடுவில் ஏறக்குறைய 6 ஆகி மறுபுறம் பூஜ்யத்துக்கு இறங்கும். அறுந்த கோட்டில் அறுந்த இடம்வரை 12, அதைத் தாண்டியதும் பூஜ்யம். அங்கே வெள்ளிப் பூச்சு தடவிச் சரிசெய்யலாம், கண்ணாடி மாற்றத் தேவையில்லை. பின்கண்ணாடியில் செய்யக்கூடிய ஒரே பழுதுபார்ப்பு இதுதான். எல்லாக் கோடுகளும் செத்துவிட்டால் முதலில் பியூஸையும், பிறகு ஓரத்தில் பற்றவைத்த முனையையும் பார்க்க வேண்டும். முனை தளர்ந்து பொறி பறந்தால் அந்தச் சிறு இடம் மட்டும் கொதிக்கும். நான் அதைக் கோட்டின் அறுப்பைவிடக் கவலைக்குரியதாக எண்ணுகிறேன்.

3.3 உடைந்த பின்

பதற்றத்தில் எல்லாரும் முதலில் துடைப்பத்தைத் தேடுவார்கள். அதற்குமுன் நான்கு படம் எடுப்பது நல்லது. காப்பீட்டு சர்வேயருக்கும் அது வேண்டும், காரணம் தேடவும் வேண்டும். சில நேரங்களில் துண்டுகள் சட்டத்திலேயே ஒன்றையொன்று பிடித்து நிற்கும். அப்போது விரிசல்கள் எல்லாம் ஒரு புள்ளியிலிருந்து விசிறியாகப் பரவுவதைக் காணலாம். அந்தப் புள்ளி பரப்பின் நடுவில் இருந்து, பொடியாக நசுங்கியிருந்தால் வெளியடி: புல்வெட்டும் இயந்திரம் எறிந்த கல், தேங்காய், பந்து. புள்ளி ஓரத்தில் இருந்தால் கதவைச் சந்தேகியுங்கள். துளையின் அருகில் என்றால் வைப்பர்.

இன்னொரு காரணமும் உண்டு. கண்ணாடி உருகும்போது நிக்கல் சல்ஃபைடு என்னும் நுண்துகள் உள்ளே சிக்கலாம். 379 டிகிரிக்கு மேல் அதற்கு ஒரு படிக வடிவம், கீழே வேறொன்று. திடீரெனக் குளிரவைக்கும்போது மேல்வடிவத்திலேயே உறைந்துபோய், மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மெல்ல மாறும்போது 2 முதல் 4 சதவீதம் வீங்குகிறது. அது இழுவிசைப் பகுதியில் இருந்தால் யாரும் தொடாமலே கண்ணாடி வெடிக்கும். உடைந்த இடத்தில் பட்டாம்பூச்சியின் இரு சிறகு போல இரண்டு பெரிய துண்டுகளும், நடுக்கோட்டில் கரும்புள்ளியும் தென்படும். தடித்த கட்டடக் கண்ணாடிகளில் அறியப்பட்ட இந்த நோய், மெல்லிய வாகனக் கண்ணாடியில் அரிது. ‘தானாக உடைந்தது’ என்று சொல்லப்படும் எல்லாவற்றையும் இதன் தலையில் கட்டுவது சோம்பல்.

4. இடைப்பட்ட பயணம்

பின்கண்ணாடி இல்லாமல் பட்டறைவரை ஓட்டுவதில் பலர் அறியாத ஆபத்து ஒன்று உண்டு. புழுதியை இழுக்கும் அதே சுழல் புகைக்குழாயின் புகையையும் இழுத்து, திறந்த டிக்கி வழியே வண்டிக்குள் கொண்டுவருகிறது. அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. திறப்பைப் பாலித்தீன் தாளால் நன்றாக மூடி, ஏ.சி.யை வெளிக்காற்று எடுக்கும் நிலையில் வைத்து, முன்கதவுக் கண்ணாடிகளைச் சற்று இறக்கி, குறைந்த தூரமே ஓட்ட வேண்டும். பின்னிருக்கையில் யாரும் வேண்டாம்.

5. தேர்வு, சட்டம், பணம்

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆம் விதி, முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத ஒளியைக் கடத்த வேண்டும் என்கிறது. பக்கக் கண்ணாடிகளுக்கு 50 சதவீதம். கறுப்புப் படலங்களுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் அளித்த தீர்ப்பு இந்த விதியின்மேல் நின்றதே. வெளிநாட்டு வண்டிக்கென்று செய்த கருங்கண்ணாடி மலிவாகக் கிடைக்கிறது என்று பொருத்தினால் சிக்கல் வரும். கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ். 2553 குறி, தயாரிப்பாளர் பெயர், டீஃபாகர் முனைகளின் இடம், ஆன்டெனாக் கோடு, வைப்பர் துளை ஆகியவை பழையதோடு ஒத்துப்போகின்றனவா என்று பொருத்துவதற்கு முன்பே பார்க்க வேண்டும். துளை இடம் மாறியிருந்தால் அதைத் திருத்தவே முடியாது, கடினப்படுத்திய கண்ணாடியில் துரப்பணம் பட்டால் அது பொடியாகும்.

காப்பீட்டில் கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. ஆனால் கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும் என்பதுதான் பெரிய கணக்கு. எடுத்துக்காட்டாக, சொந்த சேதப் பிரீமியம் ஆண்டுக்கு 14,000 ரூபாய், போனஸ் 50 சதவீதம் என்று கொள்வோம். கிளெய்முக்குப் பின் போனஸ் பூஜ்யத்திலிருந்து 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50ஐத் தொடும். இடைப்பட்ட ஐந்தாண்டில் இழப்பு 7,000, 4,200, 3,500, 2,100, 700, ஆக மொத்தம் 17,500 ரூபாய். மாற்றும் செலவு இதைவிடக் குறைவென்றால் கைக்காசு கொடுப்பதே லாபம். போனஸ் பாதுகாப்பு சேர்த்து வாங்கியவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

6. மாற்றும் முறை

அம்பாசடர் காலத்தில் பின்கண்ணாடி ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்தது. பீடிங்கின் பள்ளத்தில் கயிறு சுற்றி, கண்ணாடியை வைத்து அழுத்தி, உள்ளிருந்து கயிற்றை இழுத்தால் ரப்பரின் உதடு தகட்டைக் கவ்வும். ஒரு மணி நேர வேலை. இன்று கண்ணாடி பாலியூரித்தேன் பசையால் சட்டத்தோடு ஒட்டப்படுகிறது. கதவின் விறைப்பில் அதற்கும் பங்கு உண்டு. பழைய கைப்பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் எடுபடாது.

உள்பலகை, மூன்றாவது பிரேக் விளக்கு, வைப்பர், மின்முனைகள் எல்லாவற்றையும் கழற்றிய பின் முதல் வேலை சில்லுகளை உறிஞ்சி எடுப்பது. இருக்கையைவிட டிக்கி கதவின் உட்குழியே முக்கியம். அதன் அடியில் உள்ள வடிகால் துளைகளைச் சில்லுகள் அடைத்தால் மழைநீர் உள்ளே தேங்கிக் கதவைக் கீழிருந்து தின்னும். வேலை முடிந்த வண்டியில் கதவை மூடும்போது சலசலவென்று சத்தம் கேட்டால் இது நடக்கவில்லை என்று பொருள்.

அடுத்து பழைய பசை. அதை இரும்பு தெரியுமளவு சுரண்டக் கூடாது. 1 அல்லது 2 மி.மீ. விட்டுச் சமமாகச் சீவ வேண்டும். நன்றாகப் பிடித்திருக்கும் பழைய பாலியூரித்தேனைவிடப் புதியதற்கு நல்ல தளம் வேறில்லை. கத்தி பட்டு பெயின்ட் உரிந்த ஒவ்வோர் இடத்துக்கும் பிரைமர் வேண்டும், அடுத்த துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

இப்போது, பசை தொடும் முன், புதுக் கண்ணாடியை வெறும் தாங்கிகள்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். எதிரெதிர் மூலைகளை விரலால் மெல்ல அழுத்தினால் ஆடுகிறதா? ஆடினால் சட்டம் முறுக்கியிருக்கிறது. பசையைக் கூட்டி அதைச் சமன்செய்யலாம் என்பார்கள். கூடாது. இந்த இடத்தில் வேலையை நிறுத்தி டிங்கரிடம் அனுப்பும் கண்ணாடிக்காரரே நம்பத்தக்கவர். அவருக்கு அன்றைய கூலி போகும், வண்டிக்காரருக்குக் கண்ணாடி தங்கும்.

கண்ணாடியின் கறுப்புப் பட்டையைத் துடைத்து, பிரைமர் தடவி, டப்பாவில் குறித்த நேரம் உலரவிட வேண்டும். அந்தப் பட்டை அலங்காரமன்று, பசையை அழிக்கும் புற ஊதாக் கதிரை அது தடுக்கிறது. பசையை முக்கோண வடிவில் அறாத வரியாக இட்டு, மேலே தோல் படரும் முன் கண்ணாடியை உட்காரவைக்க வேண்டும். இந்தப் பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது. சென்னையின் ஈரக்காற்றில் தோல் விரைவில் படர்ந்துவிடும், ஆதலால் நிதானத்துக்கு இடமில்லை. ஆனால் உள்ளே இறுகுவது மெதுவாகத்தான், நாளுக்கு 3, 4 மி.மீ. அளவில். குழாயின் காலாவதித் தேதியைக் கேட்டுப் பாருங்கள். தகரக் கொட்டகையில் வெயிலில் கிடந்த குழாய் தேதிக்கு முன்பே கெட்டிருக்கவும் கூடும், பிழியும்போது கட்டிகட்டியாக வந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

தெருவோரக் கடைகளில் பாலியூரித்தேனுக்குப் பதில் சிலிக்கான் போடும் வழக்கம் இருக்கிறது. வினிகர் வாடை வீசும் வகை இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிட்டு இரும்பை அரிக்கும். அதைவிட மோசம், சிலிக்கான் பட்ட இடத்தில் பின்னர் பாலியூரித்தேன் பிடிக்காது. ஒருமுறை போட்டுவிட்டால் சட்டத்தையே மறுபடி உருவாக்கும் வேலையாகிவிடும்.

பொருத்திய பின் ஒரு நாளாவது கதவுக் கண்ணாடி ஒன்றைச் சற்று இறக்கியே வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுக் கதவை அறைந்தால் உள்ளே எழும் காற்றழுத்தம் பச்சைப் பசையைத் தள்ளிவிடும். இரண்டு நாளைக்கு வாட்டர் சர்வீஸ் வேண்டாம். கசிவுச் சோதனைக்குத் தோட்டக் குழாயின் மெல்லிய நீரே போதும். ஒருவர் வெளியே ஊற்ற, இன்னொருவர் உள்ளே டார்ச்சுடன் உட்கார்ந்து மேல்மூலைகளைப் பார்க்க வேண்டும். டீஃபாகர், வைப்பர், ரேடியோ, மூன்றாவது பிரேக் விளக்கு ஆகியவற்றை உள்பலகை மாட்டும் முன்பே ஓட்டிப் பார்த்துவிடலாம்.

7. மீண்டும் உடைந்தால்

மாற்றிய சில மாதங்களில் யாரும் அடிக்காமலே கண்ணாடி மறுபடி உடைந்தால், கண்ணாடிக் கடையோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. இரண்டு கண்ணாடிகளின் உடைப்புப் புள்ளிகளையும் படத்தில் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒரே மூலை என்றால் கீல், பூட்டுக் கொக்கி, கதவு நின்று மோதும் ரப்பர்க் குமிழ்கள் ஆகியவற்றை அளந்து சரிசெய்த பிறகே மூன்றாவது கண்ணாடியை வாங்க வேண்டும். உற்பத்தி நின்றுபோன ஈகோஸ்போர்ட் போன்ற வண்டிகளில் இந்த வரிசை இன்னும் கண்டிப்பானது. அசல் கண்ணாடி ஒன்று கையில் கிடைத்திருக்கும்போது, முறுக்கிய சட்டத்தில் அதை வைத்துச் சோதித்துப் பார்க்க எந்த உரிமையாளருக்கும் கட்டுப்படியாகாது.